கொடுப்பவர் தர்மப் பிரபுவா? பங்காளியா?

(கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் பேசவேண்டும் என்று பள்ளிக்கூடக் கமிட்டியார் கொடுத்திருக்கும் விஷயம் கல்வியின் பெருமை அல்ல. கல்வியின் பெருமையைப் பேசாத கூட்டமே இந்த நாட்டில் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களில் பள்ளிக்கூடத்துக்கு நாலு ஓடு வாங்கிக் கொடுப்பவர்களைத்தான் காணோம். ஆகையால் கமிட்டியார் நம்மிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள். "பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும், கொடுப்பார் இல்லை, ஒரு தடவை கொடுத்தவரும் மறு தடவை கொடுப்பதில்லை, இதற்கு வழி என்ன?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

முதலாவதாக, கொடுப்பார் இல்லை என்கிற பேச்சை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், விளைந்தாலும் விளையாவிட்டாலும் கோயில் திருவிழா நின்றதுண்டா? கடன் வாங்கியாவது வரி கொடுத்துவிடுகிறான். கும்பாபிஷேகம் என்று எழுதிப் போட்டால் சிங்கப்பூரில் இருப்பவன் பணம் அனுப்புகிறான். அதே மனிதனிடம் பள்ளிக்கூடம் என்று போனால் "இந்த வருஷம் கை கொஞ்சம் இறுக்கம்" என்கிறான். பணமும் அதே பணம். பையும் அதே பை. ஆகவே குறை பையில் இல்லை. அந்தப் பையண்டை நாம் போகிற விதத்தில்தான் குறை இருக்கிறது.

கோயில்காரன் என்ன செய்கிறான் பாருங்கள். மூன்றாம் திருநாள் மண்டகப்படி இன்னார் உபயம் என்று நோட்டீசில் அச்சுப் போட்டுவிடுகிறான். பாட்டன் செய்ததை அப்பன் செய்கிறான். அப்பன் செய்ததை மகன் செய்கிறான். அன்று உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள். மறுநாள் பிரசாதம் வீடு தேடி வருகிறது. வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் குருக்கள் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார். வருஷம் முழுவதும் உறவு வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் கேட்கிறார்கள். நம்முடைய பள்ளிக்கூடக் கமிட்டியாரோ ஐந்து வருஷம் அந்த மனிதனுடைய வாசற்படியை மிதிப்பதில்லை. கூரை சரிந்த அன்றைக்கு நாலு பேராகச் சேர்ந்து, நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நிற்கிறார்கள். அவனும் 100 ரூபாயைக் கொடுத்து, சனியன் விட்டது என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்த 100 ரூபாய் ஓடாயிற்றா, காப்பியாயிற்றா என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. பிறகு மறு தடவை அவன் ஏன் கொடுக்கவேண்டும்?

கோயில்காரன் செய்வதை அப்படியே செய்யுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவனுடைய உறவுக்கு அஸ்திவாரம் பயமும் பேராசையும். அவன் விற்பது கண்ணுக்குத் தெரியாத லோகத்துச் சரக்கு. வாங்கினவன் எவனும் திரும்பி வந்து "சரக்கு மோசம்" என்று சொல்லப்போவதில்லை. நம்முடைய சரக்கோ பிரத்தியட்சமானது. போன வருஷம் எழுத்துத் தெரியாதிருந்த பெண்குழந்தை இந்த வருஷம் தன் தாய்க்கு பஸ் போர்டை வாசித்துச் சொல்கிறது. ரேஷன் கார்டில் எழுதியிருப்பது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்கிறது. இதைப் பணம் கொடுத்தவன் வந்து கண்ணால் பார்க்கலாம்; காதால் கேட்கலாம். காட்டக்கூடிய சரக்கை வைத்துக்கொண்டு காட்டாமல் இருப்பது யாருடைய குற்றம்?

இன்னொரு கெட்ட வழக்கமும் இருக்கிறது. கல்விக்குக் கொடுப்பதையும் தானம் என்றும், புண்ணியம் என்றும் சொல்லிக் கேட்கிறோம். தானம் என்றால் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்பதுதானே அர்த்தம்? 50 நோட்டுப் புத்தகம் கொடுக்க ஒரு பிரபு வருகிறார் என்றால் பிள்ளைகளைக் காலையிலிருந்து வெயிலில் நிறுத்தி வைக்கிறார்கள். மாலை போடுகிறார்கள். ஏழைப் பிள்ளை ஒன்றைப் பொறுக்கியெடுத்து அவர் காலில் விழச் சொல்கிறார்கள். அதைப் போட்டோவும் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்குப் படித்த பாடம் என்ன? பணம் உள்ளவன் காலில் விழவேண்டும் என்பதல்லாமல் வேறு என்ன? முதுகை நிமிர்த்தவேண்டிய இடத்திலேயே முதுகை வளைக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமா?

ஆகவே கொடுப்பவரைத் தர்மப் பிரபு ஆக்காதீர்கள்; பங்காளி ஆக்குங்கள் என்பதுதான் நம்முடைய அபிப்பிராயம். பங்காளி என்றதும் உங்களுக்கு வரப்புச் சண்டை ஞாபகத்துக்கு வரலாம். வரட்டும். சண்டை போடுகிற பங்காளிக்குக்கூட நிலத்தின் மேல் அக்கறை உண்டு, கணக்குக் கேட்பான். அந்த அக்கறைதான் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது.

இதை ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. நடந்த காரியம் ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள், ஆடுமாடுகளைப்போல் விற்கப்பட்ட அடிமைகளாய் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி அடிமையாகப் பிறந்தவர்தான் புக்கர் டி. வாஷிங்டன். அவர் 1881-ல் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்ற ஊரில் தம் மக்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மாகாண சர்க்கார் வருஷத்துக்கு 2,000 டாலர் கொடுத்தது. அது உபாத்தியாயர் சம்பளத்துக்கு மட்டும். நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. 500 டாலர் விலைக்கு ஒரு பழைய பண்ணை கிடைத்தபோது, முன்பணம் 250 டாலருக்கே கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனை அடைக்க, ஒலிவியா டேவிட்சன் என்ற உபாத்தியாயினி அம்மையார் அந்த ஊரிலேயே வீடு வீடாகப் போனார். பணம் இல்லாதவர்கள் ரொட்டியும் கோழியும் கொடுத்தார்கள். அவற்றை விற்றுக் காசாக்கினார்கள். பிறகுதான் வடநாட்டுப் பணக்காரர்களைத் தேடிப் போனார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொந்த ஊர், பிறகுதான் வெளியூர். தன் ஊரார் ஒரு காசு கொடுக்காத பள்ளிக்கூடத்துக்கு அயலூரான் ஏன் கொடுப்பான்?

அந்த வாஷிங்டன் தம் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கும் சில சங்கதிகள் நமக்குப் பாடமாகும். ஹண்டிங்டன் என்று ஒரு பெரிய ரயில்வே முதலாளி. முதல் தடவை பார்த்தபோது அவர் கொடுத்தது 2 டாலர். நம்முடைய ஆட்களாய் இருந்தால் "கோடீசுவரன், கஞ்சப் பயல்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்கள். வாஷிங்டன் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கூடம் என்ன வேலை செய்கிறது என்பதை அவருக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் கடைசித் தடவையாகப் பார்த்தபோது கொடுத்தது 50,000 டாலர்.

கனெக்டிகட் மாகாணத்தில் ஒருவரைப் பார்க்க ஊருக்கு வெளியே இரண்டு மைல் போனார். அவர் ஒரு சல்லியும் கொடுக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். சுமார் இரண்டு வருஷம் கழித்து அந்த மனிதரிடமிருந்து 10,000 டாலருக்கு உண்டியல் தபாலில் வந்தது. கார்னெகி என்ற இரும்பு முதலாளியோ முதல் சந்திப்பில் அக்கறையே காட்டவில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு, 1900-ல், புத்தகசாலை கட்ட 20,000 டாலர் வேண்டும் என்று வாஷிங்டன் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் கண்ணீர் இல்லை. எத்தனை மாணவர்கள், எத்தனை புத்தகங்கள், செங்கலை மாணவர்களே அறுப்பார்கள், கட்டட வேலையையும் அவர்களே செய்வார்கள் என்ற விவரந்தான் இருந்தது. பணம் வந்தது. 1903-ல் அதே கார்னெகி 6,00,000 டாலர் கொடுத்தார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, தோழர்களே! கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, மோட்சம் காட்டவில்லை. இன்ன வேலை நடக்கிறது, இன்னது வேண்டும், இன்னது செய்வோம் என்று சொன்னார். கொடுத்தால் கணக்குக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளவில்லை. இல்லை என்று சொன்னவனையும் பத்து வருஷம் மறக்காமல் இருந்தார். நாம் ஆம் என்று சொன்னவனையே பத்து நாளில் மறந்துவிடுகிறோம்.

பணக்காரன் கதையை மட்டும் சொல்லி முடித்தால் விஷயத்தின் பாதியைத்தான் சொன்னதாகும். அதே டஸ்கீகிக்குக் கந்தல் கட்டிய எழுபது வயதுக் கிழவி ஒருத்தி கோலூன்றிக்கொண்டு வந்தாள். வாழ்நாளில் பெரும்பகுதியை அடிமைத்தனத்தில் கழித்தவள். பிள்ளைகள் படிப்புக்கு என்று அவள் கொண்டுவந்து கொடுத்தது ஆறு முட்டை. பிற்காலத்தில் லட்சம் லட்சமாக வாங்கிய வாஷிங்டன், தம் மனத்தை இதைப்போல் எந்தக் கொடையும் தொடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆறு முட்டையில் என்ன கட்டடம் கட்ட முடியும் என்று கேட்பீர்கள். கட்டினார்கள். ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வியாபாரி 1912-ல் டஸ்கீகியின் தர்மகர்த்தர்களில் ஒருவராகச் சேர்ந்து, கறுப்புப் பிள்ளைகளுக்குக் கிராமந்தோறும் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஊராரும் தங்கள் பங்கைப் போடவேண்டும் என்பதே அது. கூலிக்காரர்களும் குத்தகைக்காரர்களும் காசும், மரமும், உடலுழைப்பும் கொடுத்தார்கள். 1932-க்குள் தென் மாகாணங்கள் 15-ல் சுமார் 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கணக்குப் பார்த்தபோது ரோசன்வால்டு நிதி கொடுத்ததைவிட அந்த ஏழைக் கறுப்பு மக்கள் கொடுத்ததே அதிகமாக இருந்தது. கோடீசுவரனை ஏழை மிஞ்சினான் என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. நம்முடைய விருதுநகரில் நாடார் சமூகத்தார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியிலேயே க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தினார்கள். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்கூடம் நடந்தது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் பிற்காலத்தில் முதன்மந்திரியாகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த காமராசர். ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற தாய் தினமும் ஒரு தடவை பள்ளிக்கூடத்தை நினைக்கிறாள் பாருங்கள்! அரிசியைவிட அந்த நினைப்பு பெரிய மூலதனம். தினம் நினைக்கிற தாய் தன் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துவாளா? பள்ளிக்கூடத்து உத்தரத்தை எவனாவது கழற்றிக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டிருப்பாளா?

இனி, கொடுத்தவரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். இது நம் இயக்கத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1922-ல் திருநெல்வேலி ஜில்லாவில் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்று தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நடந்தது. தேசியக் கல்வி என்று சொல்லிப் பணம் கேட்டார். பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனரல்லாதார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் 10,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. உள்ளே என்ன நடந்தது? பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு. கேட்டபோது, இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருப்பதாகச் சமாதானம் சொன்னார் ஐயர்.

ஐயர் தேசத்துக்காகக் கஷ்டப்பட்டவர் அல்ல என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வாக்குப் பெரிதாய்ப் பட்டது. எல்லோருக்கும் பொதுவான பள்ளிக்கூடம் என்று நம்பிக் கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த வாக்குச் சிறிதாய்ப் பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் மற்றவர்களும் "எங்கள் பணத்தில் எங்கள் பிள்ளைக்கு இழிவா?" என்று கேட்டார்கள். பேதம் ஒழிந்தாலொழிய மீதி 5,000 இல்லை என்றார் பெரியார். 1925-ல் நாடு முழுவதும் இதே பேச்சாயிற்று. ஐயர் பொறுப்பைவிட்டு விலகினார். அந்த வருஷம் ஜூன் மாதம் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்துபோனார் என்பது வருத்தமான விஷயம். குருகுலமும் நிலைக்கவில்லை. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்டதால் அது கெட்டது என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். கணக்குக் கேட்கும்படி நடந்துகொண்டதால் கெட்டது என்பதுதான் உண்மை.

அப்படியானால் கொடுத்தவன் எதை வேண்டுமானாலும் கேட்கலாமா என்றால், கேட்கக்கூடாது. பணம் சொன்ன காரியத்துக்குச் செலவாயிற்றா, பிள்ளைகள் எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறார்களா என்று கேட்கப் பங்காளிக்குப் பூரண உரிமை உண்டு. என் தங்கை மகனுக்கு வேலை கொடு, என் ஜாதிப் பிள்ளைக்கு முன் பெஞ்சு கொடு, இந்தப் பாடத்தை எடுத்துவிடு என்று சொல்ல உரிமை கிடையாது. இதில் டஸ்கீகிக்கே ஒரு விமரிசனம் உண்டு. கறுப்பு மக்களின் பேரறிஞர் டுபாய்ஸ் 1903-ல் எழுதிய புத்தகத்தில், வாஷிங்டன் ஓட்டுரிமையையும் உயர்தரக் கல்வியையும் வற்புறுத்தாமல் கைத்தொழிலோடு நிற்கிறார் என்று கண்டித்தார். அப்படி நிற்பது வெள்ளைக்காரப் பணக்காரர்களுக்கும் சௌகரியமாகவே இருந்தது. பத்துப் பெரிய முதலாளிகளை நம்பி நிற்கிற பள்ளிக்கூடம் அவர்கள் முகம் கோணாமல் பேசத்தான் பார்க்கும். ஆயிரம் பிடியரிசியை நம்பி நிற்கிற பள்ளிக்கூடத்தை எந்த ஒருவரும் மிரட்ட முடியாது. ஆகவே பெரிய தொகையை வேண்டாம் என்னவேண்டாம். ஆனால் அந்த ஒருவர் நாளைக்கு நிறுத்திக்கொண்டால் பள்ளிக்கூடம் மூடிப்போகும் என்கிற நிலைமைக்கு மட்டும் ஆளாகாதீர்கள்.

"கல்வி சர்க்காருடைய கடமையாயிற்றே, நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கடமைதான். 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ல் சட்டமே ஆகியிருக்கிறது. அந்தக் கடமையை நாம் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நாமும் கைவைத்த இடத்தில்தான் சர்க்காரைத் தட்டிக் கேட்கும் தைரியம் பிறக்கிறது. காமராசர் 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது சர்க்காரும் ஊராரும் சேர்ந்தே செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1958 முதல், கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். இன்ன பள்ளிக்கு இன்னது தேவை என்று ஜாபிதா போட்டு ஊரார் முன் வைத்தார்கள். ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் கட்டடம் என்று அவரவர் சக்திக்குத் தக்கபடி ஏற்றுக்கொண்டார்கள். "கல்விக்கு உதவுங்கள்" என்றால் காற்றில் போகிற பேச்சு. "மூன்றாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை, விலை இவ்வளவு" என்றால் மனிதன் பைக்குள் கையை விடுவான்.

இனி, கமிட்டியார் செய்யவேண்டிய காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, இதுவரை கொடுத்தவர் அத்தனை பேருடைய பேரையும், 10 ரூபாய் கொடுத்தவர் உட்பட, ஒரு புத்தகத்தில் எழுதுங்கள். இங்கே படித்து வெளியே போன பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்களைவிட நெருங்கிய பங்காளி உங்களுக்கு இல்லை.

இரண்டு, பணம் வந்த ஒரு வாரத்துக்குள் ரசீதும் நன்றிக் கடிதமும் போகவேண்டும். கடிதத்தில் "தங்கள் பொற்பாதம்" வேண்டாம். இன்ன காரியத்துக்கு வைத்திருக்கிறோம் என்று இரண்டு வரி போதும்.

மூன்று, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, பணம் கேட்காத கடிதம் ஒன்று எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று கெட்ட சேதியையும் மறைக்காமல் எழுதுங்கள். கெட்டதைச் சொல்கிறவன் சொல்கிற நல்லதைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

நான்கு, வரவு செலவைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். கமிட்டித் தலைவர் எவ்வளவு யோக்கியராயிருந்தாலும் சரி. யோக்கியனுக்குக் கணக்குக் காட்டுவதில் என்ன நஷ்டம்?

ஐந்து, கொடுத்தவரைப் பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் வரவழைத்து வகுப்பில் உட்கார வையுங்கள். மாலை வேண்டாம், காலில் விழவும் வேண்டாம். பிள்ளை எழுந்து நின்று, தலை நிமிர்ந்து, தான் படித்ததைச் சொல்லட்டும். எந்தப் பிள்ளையின் வறுமையையும் படம் பிடித்துப் பிச்சைப் பாத்திரம் ஆக்காதீர்கள்.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் சரியாக இல்லாததால் பெரிய பெண்கள் நின்றுவிடுகிறார்கள் என்று உபாத்தியாயினி அம்மையார் சற்று முன் சொன்னார். மூன்றாம் திருநாள் மண்டகப்படிக்கு ஆகிற செலவில் அதைக் கட்டி முடித்துவிடலாம். சாமி ஒரு வருஷம் வீதியில் வராவிட்டால் சாமிக்கு ஒன்றும் படிப்புக் கெட்டுவிடாது. அந்தப் பெண்களுக்கு ஒரு வருஷம் போனால் போனதுதான். ஆகையால், எவ்வளவு செலவு ஆகும் என்று கமிட்டியார் இந்த வாரத்துக்குள் கணக்குப் போட்டு ஊர்ச் சாவடியில் ஒட்டவேண்டும். ஊரார் தங்கள் பங்கு இன்னது என்று அதன் கீழே அவரவர் கையாலேயே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.